தாழ்மை யாருக்கு உரியது?

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில் குண்டசாலையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் திகன வரும். ஒரு பக்கத்தே விக்டோரியா நீர்த்தேக்கமும், ராஜவெலயிலே தென்னைகளுக்கிடையில் விரிந்து கிடக்கும் கோல்ப் மைதானமும் உள்ளன. மலைமேல் ஏறிச் செல்லும் கிளைப்பாதைகளில் நடந்தாலோ, வெள்ளையர் காலத்தில் வரிசையாகக் கட்டிவிட்டுப் போன லய அறைகளில் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கும் தோட்டங்களைக் காணலாம். இவ்விரண்டையும் ஒரே நாளிற் பார்த்த ஒருவனின் மனத்திலே ஓர் ஒப்பீடு எழாமற் போகுமாயின், அவன் ஞானியாக இருத்தல் வேண்டும். அல்லது கோல்ப் ஆடுபவனாக இருத்தல் வேண்டும்.

சென்ற தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், இவ்வட்டாரத்துத் தேவாலயம் ஒன்றிலே தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வாரந்தோறும் கோயிலுக்குச் செல்லும் பழக்கம் நமக்கில்லை. நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனின் குடும்ப வைபவத்தின் பொருட்டுச் சென்றிருந்தோம். பிரசங்கியார் நல்லவர், குரலும் இனியது. லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்திலுள்ள பரிசேயன், ஆயக்காரன் கதையை அவர் எடுத்துக்கொண்டார். பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்ப்பதே ஆன்மாவைக் கெடுக்கும் முதல் நோய் என்றார். இதுவரை சரியே. பின்னர் அவருடைய பார்வை முன்வரிசைகளைத் தாண்டி, கொழுந்துக் கறை படிந்த விரல்களைக் கோத்தபடி பின்வாங்குகளில் அமர்ந்திருந்த பெண்களிடம் சென்றது. அடுத்த தோட்டத்தில் என்ன கொடுக்கிறார்கள், கொழும்பில் என்ன கொடுக்கிறார்கள், வெளிநாட்டு வேலைக்குப் போனவள் என்ன அனுப்புகிறாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதே மனச்சமாதானத்தை இழக்கும் வழி என்றும், ஆண்டவர் தந்ததிலே திருப்தி அடைவதே தாழ்மை என்றும் கூறி முடித்தார். முன்வரிசையில் அமர்ந்திருந்தோருக்கு அன்று எந்தப் புத்திமதியும் இருக்கவில்லை.

அந்த ஒருவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் கேட்டு வளர்ந்த பிரசங்கத்தையே அவரும் செய்தார். ஆனால், அப்பிரசங்கத்தைக் கதையோடு ஒட்டவைத்துப் பார்க்கும் உரிமை கேட்பவனுக்கு உண்டு.

கதை எளியது. கோயிலுக்கு இருவர் செல்கின்றனர். ஒருவன் பரிசேயன்: வேதம் கற்றவன், உபவாசம் தவறாதவன், தசமபாகம் கொடுப்பவன், ஊரில் மதிப்புடையவன். மற்றவன் ரோம ஆட்சிக்காக வரி தண்டுபவன்; ஊராரின் வெறுப்புக்கு ஆளானவன். (அவ்வெறுப்புக்குத் தக்க காரணமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.) பரிசேயன் முன்னே நின்று கடவுளுக்கு நன்றி கூறுகிறான். எதற்காக? தான் மற்றவனைப் போன்றவன் அல்லன் என்பதற்காக. ஆயக்காரனோ தூரத்தே நின்று, தலைநிமிராமல், தன் குறையை மட்டும் சொல்லி மார்பில் அடித்துக்கொள்கிறான். நீதிமானாக வீடு திரும்பியவன் ஆயக்காரனே என்பது கதையின் தீர்ப்பு. இங்கே ஒப்பிட்டுப் பார்த்தவன் யார்? முன்னே நின்றவன். யாரோடு ஒப்பிட்டான்? பின்னே நின்றவனோடு. கதையின் கூர் முழுவதும் முன்வரிசையை நோக்கியே தீட்டப்பட்டுள்ளது. அதனைப் பின்வாங்குகளுக்குத் திருப்பிவிடுவதற்கு எத்துணைச் சாமர்த்தியம் வேண்டும்!

ஒப்பீடு என்னும் ஒரே சொல்லுக்குள்ளே இருவேறு செயல்களை அடைத்து வைப்பதனாலேயே இச்சாமர்த்தியம் பலிக்கிறது. ஒரு மனிதனை இன்னொரு மனிதனோடு தராசில் ஏற்றி, இவன் உயர்ந்தவன், அவன் தாழ்ந்தவன் என்பது ஒரு செயல். ஒருவனுக்குக் கிடைக்கும் கூலியையும் குடியிருப்பையும் பள்ளிக்கூடத்தையும் மருந்தையும் இன்னொருவனுக்குக் கிடைப்பவற்றோடு வைத்துப் பார்த்து, இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பது மற்றொரு செயல். முன்னது மனிதரை அளக்கிறது. பின்னது நிலைமையை அளக்கிறது. முன்னதிலிருந்து செருக்குப் பிறக்கும். சில வேளை பொறாமை பிறக்கும். பின்னதிலிருந்து பிறப்பது கேள்வி. நம் வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் அழுக்காறாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். கேளாமை என்று மூன்றாவது அதிகாரம் ஒன்றை அவர் வகுக்கவில்லை. பணிவைப் போற்றிய இடத்திலும், அது செல்வரிடத்தே அமைவதைத்தான் தனிச்சிறப்பாக எடுத்துரைத்தார். கத்தோலிக்கர் தாழ்ச்சி என்பர், சீர்திருத்தச் சபையார் தாழ்மை என்பர். எச்சொல்லால் அழைத்தாலும், மேலே இருப்பவனுக்கு அது ஒழுக்கமாகவும், கீழே இருப்பவனுக்கு அது தலைவிதியாகவும் போதிக்கப்பட்டு வந்திருக்கிறது.

இது நேற்று நிகழ்ந்த திரிபன்று. 1854இல் கண்டிப் பகுதித் தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியாலும் பண உதவியாலும், இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் சங்கத்தின் துணையோடு, தோட்டத் தொழிலாளரிடையே சமயப்பணி ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் தமிழ்க் கூலி மிஷன். ஆன்மாவை இரட்சிக்க வந்தவர்களுக்குங்கூட அந்த ஆன்மா கூலியாகவே தென்பட்டது! அப்பணியிலே அமர்ந்த தமிழ் உபதேசியார்கள் அட்டைக் கடியையும் மழையையும் பொருட்படுத்தாமல் தோட்டந்தோறும் நடந்து, இரவில் விளக்கேற்றி எழுத்தறிவித்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடம் என்று ஒன்று பேருக்கேனும் இருந்தமைக்கு அவர்களிற் பலர் காரணர். இதனை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆயினும், துரையின் பணத்தில் நடந்த பணி துரைக்கு இசைவான சுவிசேஷத்தையே பெரும்பாலும் உரக்கப் படித்தது: கீழ்ப்படிதல், பொறுமை, மறுமை. களவு செய்யாதே என்னும் கட்டளை கொழுந்துக் கூடைக்குச் சொல்லப்பட்டது. கொழுந்தை நிறுக்கும் தராசுக்குச் சொல்லப்படவில்லை. இவ்விடயத்தில் கிறிஸ்தவத்தை மட்டும் தனியே நிறுத்திக் கல்லெறிவது நியாயமன்று. அதே தோட்டத்து மாரியம்மன் கோயிலடியில் முற்பிறப்பின் வினை என்று வேறொருவர் சொல்லிக்கொண்டிருந்தார். வழி வேறு, சேருமிடம் ஒன்று.

ஆனால் கிறிஸ்தவப் பிரசங்கத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. அதன் கையிலுள்ள நூலே அதற்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. மத்தேயு 20ஆம் அதிகாரத்திலுள்ள திராட்சத் தோட்டக் கதையைப் பாருங்கள். மலையகத்தாருக்கு இக்கதைக்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. தோட்டம், எசமான், வேலைக்கு நிற்கும் ஆட்கள், அந்திநேரத்துக் கணக்கு – எல்லாம் வீட்டுச் சங்கதி. எசமான் விடியற்காலையிலே சிலரை ஒரு நாட்கூலி பேசி அமர்த்துகிறான். பின்னரும் பொழுதுக்குப் பொழுது சந்தைவெளியில் நிற்போரை அழைத்துவிடுகிறான். வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கையில் இன்னுஞ் சிலர் நிற்கக் காண்கிறான். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை எவரும் அமர்த்தவில்லை என்கிறார்கள். அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்புகிறான். மாலையில் காரியக்காரன் கூலி கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே கூலி. அதுவும் முழு நாட்கூலி. விடியலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். எசமான் அவர்களைக் கண்டிக்கிறான்.

மலைத்தோட்டங்களில் இக்கதை பிரசங்கிக்கப்படுவதை நாம் சிறுவயது முதல் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பைக் கண்டித்த பகுதி விரிவாகப் பேசப்பட்டது. கூலி கொடுத்த பகுதி ஒரு வாக்கியத்தில் முடிந்தது. நம் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது கணக்கு. குறித்த கிலோ கொழுந்து கொடுக்க இயலாதவளுக்கு, அவள் காலை முதல் மாலை வரை மலையிலே நின்றிருந்தாலும், அரைப் பேர்தான் விழும். மழை அதிகம், கொழுந்து குறைவு, பிள்ளைக்குக் காய்ச்சல் – எதையும் செக்றோல் எழுதாது. வேதத்து எசமானோ ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுப் பேர் போட்டான். வேலை கிடைக்காமல் வெயிலில் நின்றது அவன் குற்றமன்று என்பதும், வீட்டில் இருக்கும் பிள்ளையின் வயிறு மணிக்கணக்குப் பார்ப்பதில்லை என்பதும் அந்த எசமானுக்குத் தெரிந்திருந்தன. இந்தக் கணக்கை இலங்கையின் எந்தப் பெருந்தோட்டக் கம்பனி ஏற்றுக்கொள்ளும்? இதனைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு தொழிற்சங்கவாதி முன்வைத்தால், கம்யூனிஸ்ட் என்று சொல்வார்கள். விடியலில் வந்தவர்கள் ஏன் கண்டிக்கப்பட்டார்கள்? தம் கூலி குறைந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. பேசிய கூலி அவர்கள் கைக்கு வந்துவிட்டது. தம்மிலும் எளியவன் தமக்குச் சமனாக்கப்பட்டதை அவர்களாற் பொறுக்க முடியவில்லை. பரிசேயனைப் பிடித்த நோயே அவர்களையும் பிடித்தது.

மலையகத்தார் பெற்ற சிறிதளவு உரிமைகளும் தாழ்மையாகக் காத்திருந்து பெற்றவையல்ல. ஒரே தோட்டத்தில், ஒரே எட்டு மணி நேரம் உழைத்த பெண்ணுக்கு ஆணிலும் குறைந்த கூலி என்பதே தலைமுறை தலைமுறையாக விதியாக இருந்தது. 1984இல் சமசம்பளம் கிட்டியது. பெண்கள் தம் கூலியை ஆண்களின் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்ததனாலும், அவ்வாண்டு நடந்த வேலைநிறுத்தத்தாலும் கிட்டியது. ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்திலே, 1940 ஜனவரியில், சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனை மலையகம் இன்னும் மறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று சரக்கைப் போலப் பங்கிட்டது. அடுத்த ஊரான் வாக்களிக்கிறான், எனக்கு ஏன் வாக்கில்லை என்று அக்காலத்தில் ஒருவன் கேட்டிருப்பின், அது பொறாமையா? நாட்சம்பளம் 1000 ரூபாய் என்னும் கோரிக்கை 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறுவதற்குள் எத்தனை ஊர்வலங்கள்! ஏறிய பின்னரும் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாயிற்று. ஆனால் 2022இன் வீழ்ச்சி அதற்கு முன்னரே அரிசியையும் கோதுமை மாவையும் எங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது என்பதைத் தோட்டத்துக் கடைக்காரரைக் கேட்டாற் சொல்வார்.

இங்கே ஒரு தடை எழும். திகனயிலே வாழ்ந்துகொண்டு அதனைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது.

2018 மார்ச் 5ஆம் திகதி இவ்வூரில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. எரிந்த வீடொன்றினுள்ளே ஓர் இளைஞர் மாண்டார். மறுநாள் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. தெல்தெனியவில் லொறிச் சாரதி ஒருவர் தாக்குண்டு இறந்தமை உடனடிச் சாட்டாக அமைந்தது. ஆயினும் தீக்குச்சிக்கு முன்னரே காய்ந்த விறகு ஒன்று நெடுநாளாக அடுக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய கடையைப் பார், மாடியைப் பார், நமக்கு என்ன இருக்கிறது பார் என்னும் பேச்சே அந்த விறகு. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கைத்தொலைபேசியிலும் அதனை நாம் கேட்டோம். இதுவும் ஒப்பீடுதானே, ஒப்பிடச் சொன்னீர்களே, விளைவைப் பாருங்கள் என்று பிரசங்கியார் இவ்விடத்தில் நம்மை மடக்கலாம்.

மடக்கட்டும். அந்தப் பேச்சு எந்த நிலைமையை அளந்தது? கடன் வட்டியைத் தொட்டதா? கடை வாடகையைக் கேட்டதா? இளைஞருக்கு வேலை ஏன் இல்லை என்று விசாரித்ததா? ஒரு சமூகத்தின் முகத்தைப் பார்த்து, அதனைத் தராசில் ஏற்றியது; அவ்வளவே. கடனுக்குச் சரக்கெடுத்து வியாபாரம் செய்யும் சிறுகடைக்காரர் அந்தத் தராசிலே பெருமுதலாளியாகத் தோன்றினார். உண்மைப் பெருமுதலாளியின் கட்டடம் எதன்மீதும் ஒரு கல்லும் விழவில்லை. நிலைமையைப் பற்றிக் கேட்காதே என்று எவனைப் பழக்குகிறோமோ, அவன் மனிதரை அளக்கக் கற்றுக்கொள்கிறான். அவனுடைய கோபம் எங்கேயாவது போக வேண்டுமல்லவா? மேலே செல்லும் வழியை அடைத்துவிட்டால், அது பக்கத்து வீட்டுக்குள்ளே புகும். மனநிறைவைப் போதிப்போர் கலவரத்துக்கு அணை கட்டுகிறோம் என்று எண்ணுகிறார்கள். வெள்ளத்துக்குத் திசை காட்டியவர்கள் தாமும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனினும் கசப்பான ஒன்றுண்டு. 1977இலும் 1983இலும் அடிபட்ட தமிழ்க் குடும்பங்கள் இம்மலைகளில் உள்ளன. எரியும் கடையின் நாற்றம் எப்படியிருக்கும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அத்தகைய வீடுகளிலே, 2018இன் அந்த வாரத்தில், கதவைத் தாழிட்டுக்கொண்டு நாம் சொன்னது என்ன? நல்ல காலம், இம்முறை நாங்கள் இல்லை என்றோம். சிலர் செபமாகவே சொன்னார்கள். அயலவரைத் தம் வீட்டினுள் மறைத்து வைத்துக் காத்தவர்கள் இருந்தார்கள், சிங்களவரிலும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் தாழிட்ட கதவுக்குப் பின்னே எழுந்த அந்த நன்றியறிதல், லூக்கா எழுதிவைத்த பரிசேயனின் நன்றியறிதலுக்கு எவ்வகையில் மாறானது? நாம் அவர்களைப் போன்றவர்கள் அல்லோம் என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி! அந்த ஞாயிறு இவ்வட்டாரத்து ஆலயங்களில் இதனைப் பற்றிப் பிரசங்கம் நடந்திருப்பின், ஒப்பிடாதீர்கள் என்னும் உபதேசத்துக்கு அன்றாவது பொருளிருந்திருக்கும்.

ஆசிரியராகிய நம்மைப் பற்றியும் கூறியாக வேண்டும். தோட்டக்காட்டான் என்றொரு சொல் தமிழில் உண்டு; அதனை உண்டாக்கியவர்கள் சிங்களவரல்லர், துரைமாருமல்லர். தமிழ் பேசும் நம் படித்த கூட்டம் தன்னிலும் ஒருவன் தாழ்ந்தவன் இருக்கிறான் என்று ஆறுதலடைவதற்கு உண்டாக்கிய சொல் அது. லயத்திலே பிறந்து, பேராதனையிலே தமிழ் பயின்று, பட்டத்தோடு திரும்பியவர்களுங்கூட அச்சொல்லுக்கு அஞ்சி, தம் விலாசத்திலே தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு நகரத்தின் பெயரை மட்டும் எழுதுவதுண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படி எழுதினோம். அது தாழ்மையுமன்று, தன்மானமுமன்று. பரிசேயனின் பக்கத்திலே ஓர் இடம் கிடைக்குமா என்று பார்த்தோம்.

இந்நோய் கோயிற் சுவரிலே ஏறிய கதையும் உண்டு. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலே, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், 1872இல் ஒரு கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமலே ஒரே பலிபீடத்தைக் காணும்படி, கால்சட்டை போல இரு கால்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது அது. நடுவிலிருந்த தடை இடிக்கப்பட 1910 வரை செல்ல வேண்டியிருந்தது. அதற்குள் வழக்கு என்ன, கலகம் என்ன! அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் தாழ்மையைப் பற்றிய பிரசங்கங்கள் தடையின்றி நடந்தே இருக்கும். இரு காலிலும் ஒரே குரல் கேட்டிருக்கும். தன்னை ஒப்பிடாதே என்ற உபதேசம், ஒப்பீட்டையே சுண்ணாம்பாகக் குழைத்துக் கட்டிய சுவருக்குள்ளே எவ்வளவு நிம்மதியாக எதிரொலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வடக்கன்குளத்தின் சுவர் விழுந்தது. கல்லறைத் தோட்டங்களிலே சாதிச்சுவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் பல இடங்களில் நிற்கின்றன.

அப்படியானால் கிறிஸ்தவத் தாழ்மை என்பது வெறும் ஏமாற்றுத்தானா? நம் நண்பர் சிலர் ஆம் என்பர். நாம் அப்படிக் கருதவில்லை. கண்டி டிரினிட்டிக் கல்லூரியின் சிற்றாலயத்திலே, கண்டிய மரபில் எழுப்பிய கற்றூண்களுக்கிடையில், டேவிட் பெயின்டர் 1930களில் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று குரு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவும் காட்சி. அக்காட்சியைத் தருவது யோவான் சுவிசேஷம். அதில் குனிபவர் யார்? குரு. கால் நீட்டி இருப்பவர்கள் மீனவரும் வரி தண்டியவனும். தாழ்மை மேலிருந்து கீழ்நோக்கி வரவேண்டிய ஒன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா? ஏற்கெனவே குனிந்து கொழுந்தெடுப்பவளை இன்னும் குனியச் சொல்வதற்கு இக்காட்சியில் இடமே இல்லை.

அப்படி இறங்கி வந்தவர்களும் இம்மலைநாட்டில் இருந்தனர். 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இல் பதுளை மறைமாவட்டம் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது, புகழும் வசதியும் உள்ள கண்டியை விட்டு, ஏழை மறைமாவட்டமாகிய அதனைத் தாமே விரும்பி ஏற்றார். அதே 1972இல் இயேசுசபைத் துறவியாகிய போல் கஸ்பர்ஸ் கண்டியிலே சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளரின் கூலியையும் குடியுரிமையையும் குடியிருப்பையும் ஆராய்வதும், அவர்களோடு நின்று பேசுவதும் தம் துறவுக்குப் புறம்பான வேலை என்று அவர் எண்ணவில்லை. 2017இல் மறையும் வரை எண்ணவில்லை. இவ்விருவரும் தொழிலாளரைக் கணக்குப் பார்க்காதே என்று சொன்னவர்களல்லர். கணக்கைக் கூட்டுவதற்குத் துணை செய்தவர்கள்.

சமயத்தின் பெயரின்றியே இறங்கி வந்த ஒருவரையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். திகனயிலிருந்து மலையேறினால் எட்டும் மடுல்கெலையில், ரெலுகாஸ் தோட்டத்துக்கு, 1936இல் துரைத்தொழில் பயில வந்த இளைஞர் பிரேஸ்கேர்டில். தொழிலாளரை மனிதராக நடத்தியது தோட்ட நிருவாகத்துக்குப் பொறுக்கவில்லை, வேலை போயிற்று. அவர் சமசமாஜிகளோடு சேர்ந்து, துரைமாரின் வாழ்வையும் தொழிலாளரின் வாழ்வையும் எதிரெதிரே வைத்து மேடைகளிற் பேசினார். 1937இல் தேசாதிபதி அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். உயர்நீதிமன்றம் அவ்வுத்தரவு செல்லாது என்றது. அவர் பெருங்குற்றம் என்ன? பங்களாவையும் லயத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது. ஒப்பீட்டைக் கண்டு யார் நடுங்குகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

முற்போக்காளராகிய நாமும் இந்நோய்க்கு விலக்கானவர்களல்லோம் என்பதை இங்கே சொல்லி வைப்பது நல்லது. மூடநம்பிக்கையில் உழலும் அந்தச் சனங்களைப் போன்றவர்கள் அல்லோம் என்று மார்தட்டும் தோழர்களின் கூட்டத்திலே நாம் இருந்திருக்கிறோம். அக்கூட்டத்துக்கும் பரிசேயனின் செபத்துக்கும் வேறுபாடு கடவுள் ஒருவர் இல்லாமை மட்டுமே.

பள்ளிக்கூடத்துக்குள்ளே வந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வந்த மறுநாளே, தேறிய பத்துப் பிள்ளைகளின் முகங்கள் பதாகையாக வாசலில் ஏறுகின்றன. தேறாத பிள்ளைகள் அப்பதாகையின் கீழேயே நடந்து உள்ளே வருகின்றனர். பத்து வயதிலே மனிதரை அளக்கும் தராசில் பிள்ளையை ஏற்றிவிட்டு, நகரத்துப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் நால்வர், எங்களுக்கு ஒருவர்தானும் ஏன் இல்லை, சேர் என்று அவன் கேட்கும்போது மட்டும், பிறரைப் பார்த்துப் பேசாதே, உள்ளதைக்கொண்டு படி என்கிறோம். நாம் சொன்ன அந்தப் பதிலை, பின்னர் அந்தத் தேவாலயத்தில் வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் நமக்கு உறைத்தது.

மலைநாட்டுத் தேவாலயங்களில் திராட்சத் தோட்டக் கதை இனியும் பிரசங்கிக்கப்படும். பிரசங்கிப்போரிடம் நாம் கேட்பது ஒன்றே: கூலி கொடுக்கும் இடத்துக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். ஒரு மணி நேரக்காரனின் உள்ளங்கையில் முழு நாட்கூலி விழுந்ததை, எவ்வளவு விழுந்தது என்று சொல்லி, நின்று வாசியுங்கள். அரைப் பேர் என்றால் என்ன என்று அறியாத எவரும் அந்தப் பின்வாங்குகளில் இருக்கமாட்டார்கள். மிகுதிக் கணக்கை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.